மேலிருந்து இரண்டாவது படி

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, தெரிந்துகொள்ள முடிவதில்லை. போனில் அம்மா கேட்கும் கேள்விக்கெல்லாம் நீ 'ம்' சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த 'ம்'களை வைத்துக்கொண்டு அம்மாவும் அத்தையும் சாயங்காலம் வரை ஆராய்ச்சி செய்கிறார்கள். "கடைசி 'ம்'மைக் கொஞ்சம் இழுத்தான், சளி பிடிச்சிருக்கும்" என்கிறாள் அம்மா. "சளியாவது கிளியாவது, போனை வெச்சுத் தொலைங்கன்னு அர்த்தம்" என்கிறாள் அத்தை. அதனால்தான் கடிதம். இதற்கு 'ம்' கொட்ட முடியாது.

முதலில் வீட்டு நிலவரம். வீடு இருட்டாக இருக்கிறது. உவமை என்று எடுத்துக்கொள்ளாதே, நிஜமாகவே பல்பு போய்விட்டது. முதலில் கூடத்து பல்பு போனது. பிறகு சமையலறை. போன வாரம் குளியலறைக்குப் போகும் வழியில் இருப்பதும் கண்ணை மூடிவிட்டது. என் மேசை விளக்குக்கு நீளமான ஒயர் ஒன்றைப் பொருத்தி, புது மாப்பிள்ளையைப் போல அறை அறையாக அழைத்துப் போகிறோம். அம்மா சமைக்கும்போது அது சமையலறையில். அத்தை டிவி பார்க்கும்போது கூடத்தில். இரண்டுக்கும் நடுவில் அது வழியில் இருந்த நேரத்தில்தான் நேற்றுக் காப்பியில் உப்பு விழுந்தது. "பரவால்ல, நன்றி மறக்காம இருப்போம்" என்று சொல்லி அத்தை முழுசாகக் குடித்தாள்.

பல்பு மாற்றுவது ஒரு பெரிய வேலையா என்று கேட்பாய். நம் வீட்டுக் கூரை உயரம் உனக்குத் தெரியும். ஏணி வேண்டும். ஏணியும் இருக்கிறது. கூடத்து மூலையில், அப்பாவின் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, வந்த இடத்தில் உட்காரச் சொல்ல ஆளில்லாத விருந்தாளியைப் போல நிற்கிறது. அம்மா அதை யாரும் தொடக் கூடாது என்கிறாள். எலக்ட்ரீஷியன் வந்தார். அவரிடம் என்றைக்குமே சொந்த ஏணி இருந்ததில்லை. இந்தத் தெருவில் எல்லோருக்கும் அப்பாவின் ஏணிதானே. "ஏணி இருக்குங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள் அம்மா, ஏணிக்கு முன்னால் நின்றுகொண்டு. அவர் போர்வையைப் பார்த்தார். போர்வைக்குக் கீழே தெரிந்த நான்கு அலுமினியக் கால்களைப் பார்த்தார். "அப்ப இது?" என்றார். "தூரத்துச் சொந்தம்" என்றாள் அத்தை. மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

அம்மாவின் சிக்கல் எனக்குப் புரிகிறது. அந்த ஏணி கண்ணில் படக் கூடாது. ஆனால் பழைய இரும்புக்காரருக்குப் போடவும் மனம் வரவில்லை. "அவர் அதை இன்னொருத்தருக்கு விப்பார். அவங்க வீட்லயும் ஒரு மனுஷன் இருப்பாருல்ல" என்கிறாள். வைத்துக்கொள்ளவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அத்தைக்கு அந்தச் சிக்கல் இல்லை. தன் அண்ணனைக் கொன்ற ஏணி அது, அவ்வளவுதான். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைத் திட்டிவிட்டுப் போகிறாள். "நிக்கிறதைப் பாரு, ஒண்ணுமே தெரியாத மாதிரி."

நீ அந்த ஏணியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாய், அண்ணா. அப்பாவைக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று, "நான்தான வாங்கிக் குடுத்தேன்" என்றாய். அதோடு சரி. நீ கிளம்பிப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எப்போது வருகிறாய் என்று கேட்டால் தொழிற்சாலையில் ஆய்வு என்கிறாய். அப்பா முப்பது வருடமாக மேசை மேல் முக்காலியை வைத்து, முக்காலி மேல் ஏறி, ஒற்றைக் காலில் நின்று பல்பு மாற்றியவர். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் மகன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? நல்ல மடக்கு ஏணியாகப் பார்த்து வாங்கி அனுப்பினாய். கூடவே வந்த விதிப் புத்தகத்தைப் போனில் வரி வரியாக அப்பாவுக்குப் படித்துக் காட்டினாய். அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் இல்லை. நீதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன், அங்கே, தனியாக.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்கள் அகராதி அலுவலகத்தில், பிற மொழிச் சட்டச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பணியில், நான் இப்போது 'ட' வரிசையில் இருக்கிறேன். எங்கள் தலைவரை நாங்கள் 'அடிக்குறிப்பு' என்று அழைப்போம். எதைச் சொன்னாலும் கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனா ஒண்ணு..." என்று ஒரு பின்குறிப்பைச் சேர்க்காமல் அவரால் நகர முடியாது. "காப்பி நல்லாருக்கு. ஆனா ஒண்ணு, சூடா இருந்தா இன்னும் நல்லாருக்கும்." அவர் போன வாரம் என் மேசையில் ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போனார். டியோடண்ட்.

'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. பழைய இங்கிலாந்துச் சட்டத்தில், ஒரு பொருளோ விலங்கோ ஒரு மனிதரின் சாவுக்குக் காரணமாகிவிட்டால், அந்தப் பொருளையே பறிமுதல் செய்து கடவுளுக்கென்று ஒதுக்குவார்கள். முட்டிய மாடு, உதைத்த குதிரை, மேலே ஏறிய வண்டி, சாய்ந்த மரம். பெயர்தான் கடவுளுக்கு; கை நீட்டி வாங்கியவர் அரசர். பொருளாகவோ அதன் மதிப்பாகவோ வாங்கி, அவர் அதைத் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. செலவிட்டாரா என்று கேட்கக் கூடாது. பல நூற்றாண்டுகள் இப்படியே ஓடியது. பிறகு ரயில் வந்தது. எஞ்சின் மோதி ஆட்கள் இறந்தபோது, விசாரித்தவர்கள் எஞ்சினையே கடவுள் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். ரயில் கம்பெனிகளுக்கு வேர்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

இதற்கு நான் எழுத வேண்டியது ஒரு வரி. ஆனால் நூலகத்தில் இதைப் பற்றி இருந்த எல்லாவற்றையும் படித்தேன். ஏன் என்று நீ கேட்க மாட்டாய் என்பதால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

என் தவறு, இதை அம்மாவிடம் சொன்னது. ஏதோ சுவாரசியமாக இருக்குமே என்று, அவள் மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ரயில் எஞ்சினை வைத்துக்கொண்டு கடவுள் என்ன செய்வார் என்று சிரித்தேன். "ஏன், அவருக்கு எங்கயும் போக வேண்டியிருக்காதா?" என்றாள் அம்மா, சிரிக்காமல். அப்புறம் கூடத்து மூலையைப் பார்த்தாள். "இவ்வளவு நாளா இதை ஏண்டி சொல்லல?" என்றாள். அது வேறு நாட்டுச் சட்டம் என்றேன், நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே செத்துப்போன சட்டம் என்றேன். "சட்டம் செத்தா என்ன, சாமி இருக்காருல்ல" என்றாள். நான் அகராதிக்காக வைத்திருந்த சொல்லை அவள் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஆக, ஏணியைக் கடவுளுக்குக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. இனி ஆக வேண்டியது, கடவுளிடம் சொல்வதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

இருட்டில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி,
உன் தங்கை

*

செவ்வாய், மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வந்தது. "ஏணியைத் தூக்கி எறியுங்கள்." அவ்வளவு நீளமான கடிதத்துக்கு மூன்றே சொற்கள். எங்கள் அலுவலகத்தில் உன்னைப் போன்ற ஆள் கிடைத்தால் அடிக்குறிப்பு கோயில் கட்டிக் கும்பிடுவார். அத்தை உன் பதிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "எறிய ஒரு ஆம்பள வேணும்ல, அவனை வரச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி கடவுளிடம் போன கதை.

முதலில் தெருக்கோடிக் கோயில். ஏணியின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அத்தையும் தூக்கிக்கொண்டோம். போர்வையை எடுக்க அம்மா விடவில்லை. ஆகவே பகல் வெளிச்சத்தில், போர்வை போர்த்திய நீளமான ஒன்றை இரண்டு பெண்கள் தூக்கிப் போக, பின்னால் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு வருகிறாள். தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கூடக் கும்பிட்டார். "ஐயா, இது ஏணி" என்றேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துபோனார்.

கோயில் மேலாளர் ஏணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கோபுர விளக்கு எரியாமல் பல நாளாயிற்றாம், ஏணிக்குத்தான் காத்திருந்தாராம். "கடவுளே அனுப்பி வெச்ச மாதிரி வந்திருக்கீங்க" என்றார். அத்தோடு நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நம் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். கடையில் பழம் கொடுத்தால்கூட எது அழுகல் என்று காட்டிக் கொடுப்பவள். ஏணியின் முழு வரலாற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த மலர்ந்த முகம் ஒவ்வொரு இதழாகக் கூம்பியது. கடைசியில், "அம்மா, யோசிச்சுப் பார்த்தா... கோபுர விளக்கு இல்லாமலும் ஒரு அழகாத்தான் இருக்கு" என்றார்.

"சாமிக்குக் குடுக்கறோம், உங்களுக்கா குடுக்கறோம்?" என்று அத்தை எகிறினாள். "சாமி ஏற மாட்டாரேம்மா, நான்தான ஏறணும்" என்றார் அவர். அத்தை ஏணியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

அடுத்த தெருவில் தேவாலயம். அங்கிருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கண்கலங்கினார். அப்பாவுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். ஏணியைப் பற்றிப் பேச்சு வந்ததும், தங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகச் சொல்லி, அந்த ஒன்றைக் காட்டவும் காட்டினார். பாதிப் படிகள் கயிற்றால் கட்டப்பட்ட மர ஏணி. "இதை வெச்சுக்கிட்டு நீங்க எப்படி உயிரோட இருக்கீங்க?" என்று அம்மா கேட்டுவிட்டாள். "பயந்துகிட்டே ஏறுவேம்மா, அதனாலதான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா ஏணியை மூலையில் நிறுத்தி, போர்வையைச் சரிசெய்துவிட்டு, "அந்த மனுஷனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்றாள். அப்பாவைச் சொன்னாள். ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்காதே என்று பழமொழி சொல்கிறார்கள். நம்மை எட்டி உதைத்த ஏணியை என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுநாள் நான் அலுவலகத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அடிக்குறிப்பு பக்கத்தில் வந்து நின்றார். அப்பா இறந்தபோது மாலையோடு வந்து, என் கையில் ஒரு அகராதியைக் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர். ஆறுதல் சொல்லத் தெரியாது. என் வரைவை எடுத்துப் படித்தார். "அகராதிக்கு இது ஜாஸ்தி. கதைக்கு இது கம்மி" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. அந்தச் சட்டத்துல முக்கியமான ஒரு சங்கதியை விட்டுட்டீங்க. பொருள் அசைஞ்சுதா, நின்னுதான்னு பார்ப்பாங்க."

நான் விட்டிருக்கவில்லை, அண்ணா. படித்திருந்தேன். வீட்டு ஏணியோடு அதைச் சேர்த்துப் பார்க்க மட்டும் துணியவில்லை. விதி இதுதான்: ஓடுகிற வண்டியால் ஒருவர் செத்தால் வண்டி, குதிரை, எல்லாமே கடவுளுக்கு. நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறித் தவறி விழுந்து செத்தால், அந்தச் சக்கரம் மட்டும்தான். வண்டிக்கு ஒன்றும் இல்லை. எது அசைந்து சாவைக் கொண்டுவந்ததோ அதற்குத்தான் முழுப் பழி. சும்மா நின்றதை ஒன்றும் செய்யக் கூடாது. கால் வைத்த துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். இந்த முறை தெரிந்தேதான் சொன்னேன். அத்தை உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ இது ஆடிச்சா, நின்னுச்சா?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டு நாங்கள் வாசலுக்கு ஓடியபோது அப்பா கீழே கிடந்தார்; ஏணி மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தது. அன்று அதை யார் கவனித்தோம்? ஏணி ஆடித்தான் விழுந்தார் என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டோம். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அப்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "மேல இருந்து விழுந்தவர் எப்படி ஏணியை மடக்கி வெச்சிருப்பாரு?"

மேசை விளக்கு கூடத்தின் நடுவில் எரிந்துகொண்டிருந்தது. மூவரும் எதிர்வீட்டைப் பார்த்தோம். அன்று அப்பாவோடு வாசலில் நின்றிருந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருவர்தான். எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான், வண்டி பிடித்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் நம் வாசலை மிதித்ததே இல்லை. தெருப்பக்கம் இருந்த தையல் மெஷினை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலையும் சாத்திவிட்டார். துக்கம் தாங்காமல் என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஏணி ஆடியது என்று சொல்லிவிட்டால் இந்தக் கடிதத்தை உனக்கு ஏன் அனுப்பினேன் என்று வருந்துவேன். ஆனாலும் அனுப்புகிறேன். தெரியாமல் இருப்பதைப் போர்வை போட்டு நிறுத்தி வைத்தால் அது போகாமல் மூலையிலேயே நிற்கிறது.

தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டி,
உன் தங்கை

*

ஞாயிறு, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே, நீயே தொழிற்சாலையில் பலகை எழுதி மாட்டியிருப்பாய்.

போன ஞாயிறு விசாரணை நடந்தது. அந்தக் காலத்தில் இதற்குப் பன்னிரண்டு பேர் உட்காருவார்களாம். எங்களிடம் மூன்று பேர்தான். அத்தை தானே நீதிபதி என்று அறிவித்துக்கொண்டு அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி ஏற்கெனவே ஏணியைத் தினமும் திட்டியிருக்கிறாரே, நடுநிலை எங்கே என்று கேட்டேன். "நான் திட்டினது மனுஷியா, இப்ப உக்காந்திருக்கிறது நீதிபதியா" என்றாள். அம்மா எழுந்து போய் ஏணியின் போர்வையை எடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அதை முழுசாகப் பார்த்தேன். அவ்வளவு சின்ன ஏணியா அது?

தையல்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஏணியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அண்ணி, நான் சொல்லிடறேன், நான் சொல்லிடறேன்" என்றார். அம்மா உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னார்.

அப்பாவுக்கு அந்த ஏணி மேல் எவ்வளவு பெருமை என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். சொல்லியிருக்க வேண்டும். நீ வாங்கி அனுப்பிய நாளிலிருந்து தெருவில் யார் வீட்டில் பல்பு போனாலும் அப்பா ஆஜர். ஏணியைத் தனியாக இரவல் தர மாட்டார். ஏணியோடு அவரும் வருவார். பல்பு மாட்டி முடித்த பிறகும் இறங்க மாட்டார். மேலேயே நின்றுகொண்டு, இது என்ன ஏணி, எப்படிப் பூட்டிக்கொள்ளும், அனுப்பியவன் யார், அவன் என்ன வேலை என்று ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுத்தான் இறங்குவார். தெருவில் பாதிப் பேருக்கு உன் பதவி உயர்வு ஏணி மேலிருந்துதான் தெரியும்.

அன்று நம் வாசல் பல்பை மாட்டிவிட்டு வழக்கம்போல மேலே நின்றாராம். தையல்காரர் எதிர்ப்பக்கம் நின்று, வழக்கம்போலச் சீண்டியிருக்கிறார். "என்னண்ணே, லேசா ஆடுற மாதிரி இருக்கே?" என்று. அவ்வளவுதான். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடுதா? இதா? நல்லாப் பாருடா" என்று மேலிருந்து இரண்டாவது படியில் நின்றபடி இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டியிருக்கிறார். ஏணி ஆடவில்லை. "கையை விட்டுட்டே காட்டறேன் பாரு" என்று இரண்டு கையையும் விட்டிருக்கிறார். அப்போதும் ஏணி ஆடவில்லை. "பாத்தியா? எம் பையன் வாங்கினது. மலை மாதிரி நிக்கும்" என்று சொல்லி, தையல்காரரின் முகத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். திரும்பியவருக்குக் கால் தவறிவிட்டது.

"அவரு விழுந்தாரு அண்ணி. ஏணி விழல. அவரு விழுந்த பிறகும் அது அப்படியே நின்னுச்சு. எனக்கு அதைப் பார்க்க முடியல. நான்தான் மடக்கிச் சாத்தினேன்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் அழுதார். "நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா..." என்றார்.

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், அண்ணா. கண்ணில் தண்ணீர் வழிய, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "இடுப்பை ஆட்டினாரா? எப்படி ஆட்டினாரு?" என்று கேட்டாள். தையல்காரர் அழுதுகொண்டே எழுந்து ஆட்டிக் காட்டினார். அச்சு அசல் அப்பா. அத்தை, நீதிபதி என்பதையும் மறந்து, நாற்காலியிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் "எங்கண்ணன்டி, எங்கண்ணன்" என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் அன்றுதான் அழுகை வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரரிடம் சொன்னாள்: "நீ சொல்லாட்டியும் அவரு ஆடிக் காட்டியிருப்பாரு. அதுக்கு முந்தின வாரம் பால்காரர் கேட்காமலே அவருக்கும் ஆடிக் காட்டினாரு. நீ செஞ்ச தப்பு வேற. ஒரு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஜன்னலைச் சாத்தினியே, அது. என் ரவிக்கையெல்லாம் வேற ஆள்கிட்டக் குடுத்து ஒண்ணாவது கைக்கு ஏறுதா பாரு." மறுநாளே மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

நீதிபதி தீர்ப்புச் சொன்னாள். ஏணி அசையவில்லை, ஆகவே ஏணி நிரபராதி. மேலிருந்து இரண்டாவது படி மட்டும் கடவுளுக்கு. இத்தனை நாள் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பாயா என்றேன். "திட்டினது மனுஷி, அவளைப் போய்க் கேளு" என்றாள்.

கிரில் கடைக்காரர் அந்தப் படியை அறுத்துக் கொடுத்தார். நல்ல ஏணியை ஏன் கெடுக்கிறீர்கள் என்று பத்து முறை கேட்டார். சட்டம் என்றாள் அம்மா. படியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக் கோயிலுக்குப் போனோம். இந்த முறையும் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை மேலாளர் கையை நீட்டினார். இதில் அவர் ஏற வேண்டியதில்லையே. கால் கழுவும் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் அதைப் பொருத்தி, துண்டு தொங்கவிட வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கால் கழுவிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் வழுக்காமல் உள்ளே போகிறார்கள். ரயில் எஞ்சினையெல்லாம் கேட்டு வாங்கிய கடவுள், ஒரு கைப்பிடியோடு திருப்தியாகிவிட்டார்.

அலுவலகத்தில் என் சொல்லும் முடிந்தது. 'இறையீடு' என்று வைத்திருக்கிறேன். இறை என்றால் கடவுள், அரசன், வரி, மூன்றும்தான். அந்தப் பழைய சட்டத்தில் யார் பெயரைச் சொல்லி யார் வாங்கினார்கள் என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஈடு, இழந்ததற்குக் கொடுப்பது. அடிக்குறிப்பு படித்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா ஒண்ணு, இதை யாரு பயன்படுத்தப் போறாங்க?" என்றார். எங்கள் தெருவில் நான்கு பேர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்றேன்.

அந்தச் சட்டத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாட்டைக் கேட்டார்கள், வண்டியைக் கேட்டார்கள், சக்கரத்தைக் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

நேற்று அம்மா ஏணியை விரித்தாள். நான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், தையல்காரர் பின்பக்கம். அம்மா தானே ஏறினாள். கீழே இருந்து அத்தை, "இடுப்பை மட்டும் ஆட்டிடாத அண்ணி" என்றாள். கூடம் எரிகிறது. சமையலறை எரிகிறது. காப்பியில் சர்க்கரை இருக்கிறது. உன் அறை பல்பும் போய்விட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை மாட்டப் போனேன், அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "அது அவன் ரூமு. அவன் வந்து மாட்டிக்குவான்" என்றாள்.

ஒரு படி இல்லாத ஏணியில் யாரும் ஏறக் கூடாது, உடனே நிறுத்துங்கள் என்று நீ எழுதப் போகிறாய். எழுதினால் நாங்கள் கேட்கப் போவதில்லை. வாசல் பல்பும் லேசாக மினுக்குகிறது. அடுத்தது அதுதான், அம்மாவேதான் ஏறுவாளாம். ஒரு பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து தடுத்தால் ஒருவேளை கேட்கலாம்.

உன் அறைக்கான பல்பை வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறோம். ஏணி ஆடாது; அதற்கு அப்பாவே சாட்சி. நீ வந்து ஏறினால் போதும், அண்ணா. பிடித்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதும்,
உன் தங்கை